பால் மரமும் பூமலையும்

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களில் பூமலைக்குப் போகாதவர் எவரும் இருக்க முடியாது. தொடக்கப்பள்ளிச் சுற்றுலா, உறவினரின் திருமணப் புகைப்படம், ஊரிலிருந்து வந்த விருந்தினருக்கு ஆர்க்கிட் பூக்களைக் காட்டும் கடமை என்று ஏதாவது ஒரு காரணம் நம்மை அங்கே இழுத்துச் சென்றிருக்கும். நானும் அப்படிப் பலமுறை போனவன்தான். ஆனால் அந்தப் பூங்காவின் நடுவே, பூங்காவைவிட வயதில் மூத்த ஒரு மழைக்காடு இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் பாடப்புத்தகம் அன்று; என் பாட்டி.

நாங்கள் பொங்கோலில் குடியிருக்கிறோம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திற்கு எதிரே சில காலம் முன்புவரை ஒரு துண்டுக் காடு இருந்தது. சென்ற ஆண்டு அதைச் சுற்றித் தகரவேலி எழுந்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. புதிய வீடுகள் வரப்போகின்றன. எங்கள் வீடும் அப்படி வந்ததுதான் என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டி மட்டும் தினமும் காலையில் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள், "தம்பி, உள்ளே பால் மரம் நின்னுச்சு, பார்த்தியா? அதையும் சாய்ச்சுட்டாங்க" என்றார்.

பால் மரம் என்று அவர் சொன்னது ரப்பர் மரத்தை. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து, திருமணமாகிச் சிங்கப்பூர் வரும்வரை மரம் வெட்டியவர் அவர். ஒரு காம்பில் மூன்று இலைகள் நிற்பதைப் பத்தாவது மாடியிலிருந்தே அவரால் அடையாளம் காண முடிந்தது. எனக்கோ அது வெறும் 'பச்சை'. வேலி எழுவதற்கு முன்பே அந்தக் காட்டோரம் விழுந்து கிடந்த மூன்று ரப்பர் கொட்டைகளை அவர் பொறுக்கி வந்திருந்தார். ஒன்றைத் தாழ்வாரத்துத் தொட்டியில் உடனே ஊன்றினார். மற்ற இரண்டும் பளபளப்பாக, புள்ளி போட்டு அழகாக இருந்ததால் நான் வாங்கி என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். இந்தக் கொட்டைகள் கட்டுரையின் பின்பகுதியில் மீண்டும் வரும்.

வெட்டப்படும் காட்டில் இருந்த செடிகொடிகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் பூமலையின் இன்னொரு முகம் தெரிந்தது. விடுமுறையில் ஒரு நாள் பாட்டியை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயிலில் சிராங்கூன்; அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் ஐந்து நிறுத்தங்கள்தாம். கட்டணம் கிடையாது, தேசிய ஆர்க்கிட் தோட்டத்திற்கு மட்டும் நுழைவுச்சீட்டு வேண்டும்.

நகரத்துக்கு மூத்த காடு

பூமலை 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் உலாவுவதற்கான பூங்காவாக அதை அமைத்தது. 1874இல் அரசாங்கம் பொறுப்பேற்றபின் அது ஆய்வுத் தோட்டமாக மாறியது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பெருமை அது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 82 ஹெக்டர்.

அதில் வெறும் 6 ஹெக்டர்தான் மழைக்காடு. அது நட்டு வளர்த்த காடு அன்று. பூங்கா அமைத்தவர்கள் வெட்டாமல் விட்டுவைத்த பழைய காட்டின் மிச்சம். பலகைப் பாதையில் இறங்கி நடந்தால் பத்தே அடியில் வெளிச்சம் குறைகிறது. காற்றில் ஈரம் கூடுகிறது. அந்தச் சிறிய இடத்தில் 300க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இன்று சிங்கப்பூரில் அரியவை.

ஏன் அரியவையாயின? 1819இல் ராபிள்ஸ் வந்திறங்கியபோது இத்தீவின் பெரும்பகுதி காடாகவே இருந்தது. கேம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதில் பெரும்பங்கு அழிந்துவிட்டது. 1883இல் பூமலையின் அன்றைய கண்காணிப்பாளர் நெத்தேனியல் கேன்ட்லி காடுகளின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாகவே காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. இன்று நாம் ஏறி இறங்கும் புக்கிட் தீமா அப்படித் தப்பியதுதான். 2003இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 183 ஆண்டுகளில் இத்தீவின் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டதாகக் கணக்கிட்டது. ஆய்வாளர்களுள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு பால் மரங்கள்

பாட்டிக்குக் காட்டைவிட அருங்காட்சியகம்தான் பிடித்தது. ஹோல்ட்டம் மண்டபம் என்னும் பழைய கட்டடத்தில் பூமலையின் மரபுடைமை அருங்காட்சியகம் உள்ளது. ரப்பரின் கதை சொல்லும் பகுதிக்கு வந்ததும் அவர் நகரவே இல்லை.

அந்தக் கதைக்கு முன்னுரையாக இன்னொரு பால் மரத்தைச் சொல்ல வேண்டும். கட்டாபெர்ச்சா என்ற மரம் நம் காடுகளுக்கே உரியது. அதன் பால் இறுகினால் நீர் புகாத, மின்சாரம் கடத்தாத பொருளாகும். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட உலகமே அதைத் தேடியது. ஆனால் பால் எடுக்க மரத்தையே சாய்த்தார்கள். ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ கொஞ்சம்தான். விளைவு, சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூரில் முதிர்ந்த மரங்கள் காண்பதற்கே அரிதாகிவிட்டன.

ரப்பரின் கதை நேர்மாறானது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மீன்முள் வடிவில் பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் பால் வடியும். பட்டை மீண்டும் வளரும். தோட்டக்காரர்களைக் கண்ட இடத்திலெல்லாம் ரப்பர் நடும்படி வற்புறுத்தியதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து வந்தது.

அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டத்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். அதாவது, இன்று இந்த ஆண்டிதழைப் படிக்கும் நம்மில் பலர் இந்த மண்ணில் பிறந்ததற்கு இந்தப் பூங்காவில் நட்ட கன்றுகள் ஒரு காரணம்.

ரிட்லி ஒரு ரப்பர் மரத்தருகே நிற்கும் பழைய புகைப்படத்தைப் பாட்டி உற்றுப் பார்த்தார். "கோடு நல்லாத்தான் போட்டிருக்கான். ஆழமாப் போய் மரத்துல காயம் பட்டுச்சுன்னா எங்க கங்காணி வெளுத்து வாங்கிடுவாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை.

"எங்கப்பா சொல்வாரு. பெரிய பெரிய காட்டு மரமெல்லாம் வெட்டிச் சாய்ச்சு, தீ வெச்சு, அந்தச் சாம்பல்ல கன்னு நட்டோம்னு. நாங்க வெட்டின அதே மரத்தைத்தான் இவங்க இங்க பத்திரமா வெச்சிருக்காங்களா?"

ஆம், அதே மரங்கள்தாம். தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகள் ரப்பருக்காகப் பெருமளவில் அழிக்கப்பட்டன. அதற்கு விதை தந்தது இந்தப் பூங்கா; வியர்வை தந்தது நம் குடும்பங்கள்; இலாபம் பார்த்தது வேறு யாரோ. அதே பூங்கா இன்று அழிந்த காட்டின் செடிகளைக் காக்கும் பணியில் இருக்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் காடு அழிவதற்கும் மீள்வதற்கும் இடையே எவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக விளக்கும் இடம் வேறில்லை.

காத்திருக்கத் தெரியாத விதைகள்

செடிகளைக் காப்பது எளிதென்றுதான் நான் நினைத்திருந்தேன். விதையைச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் போயிற்று, இல்லையா? நம் முன்னோர் விதைநெல்லை நன்றாகக் காயவைத்துக் குதிரில் கொட்டி அடுத்த பட்டத்திற்குக் காத்தனர். உலகின் விதை வங்கிகளும் அதையேதான் செய்கின்றன. விதையின் ஈரத்தைக் குறைத்து, உறைநிலைக்குக் கீழே சுமார் 20 பாகை செல்சியஸில் வைத்தால், பல பத்தாண்டுகள் கழித்தும் அது முளைக்கும். பூமலையிலும் 2019இல் ஒரு விதை வங்கி திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் விதைத் தாவரங்களில் பாதியளவு, அதாவது 25,000 இனங்கள் வரை சேமிக்க அதில் இடம் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், மழைக்காட்டு மரங்களில் கணிசமான பங்கின் விதைகள் நெல்லைப் போன்றவை அல்ல. மாங்கொட்டையை, பலாக்கொட்டையை, ரம்புத்தான் விதையை நினைத்துப் பாருங்கள். காய்ந்தால் செத்துவிடும். ஆண்டு முழுதும் மழையும் வெப்பமும் உள்ள காட்டில் விதை உறங்கிக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. விழுந்ததும் முளைக்க வேண்டும். இல்லையேல் பூச்சியோ பூஞ்சையோ தின்றுவிடும். அதனால் அவை ஈரம் நிறைந்தவையாக, முளைக்கத் தயாராகவே விழுகின்றன. அப்படிப்பட்ட விதையை உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும்.

இதைப் பாட்டியிடம் விளக்கத் தொடங்கினேன். "இதுக்கா இவ்வளவு படிப்பு? ரப்பர் கொட்டை விழுந்தா உடனே பொறுக்கி நாத்து மேடையில போடணும். காய்ஞ்சா முளைக்காது. சின்னப் பிள்ளையில எங்களுக்கு அதுதான் வேலை" என்றார். சட்டென்று எனக்கு விக்கமின் 70,000 விதைகள் நினைவுக்கு வந்தன. கடல் கடந்த பயணத்தில் பெரும்பாலானவை இறந்ததற்குக் காரணம் இதுதான். ரப்பரும் ஒரு மழைக்காட்டு மரமல்லவா?

நம் காடுகளின் பேரரசர்களான மெராந்தி, செராயா, கெருயிங் மரங்கள் இன்னும் பிடிவாதக்காரர்கள். இவை நம்மூர்ச் சால மரத்தின் குடும்பம். கோயிலில் புகையும் குங்கிலியம் தரும் மரங்களும் இக்குடும்பத்தவையே. இவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடே சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகப் பூக்கும். இறக்கை முளைத்த காய்கள் சுழன்று சுழன்று விழும். சில வாரங்களுக்குள் முளைத்தால் உண்டு. இல்லையென்றால் அடுத்த பூப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. விதையின் கருவை மட்டும் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழே 196 பாகையில் பாதுகாக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் அதை ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனியாகச் சோதித்துக் கண்டறிய வேண்டும்.

ஆகவே இந்த மரங்களைக் காக்க நம்பகமான வழி, அவற்றை மரங்களாகவே மண்ணில் வளர்ப்பதுதான். பழைய மழைக்காட்டை ஒட்டி 2017இல் திறக்கப்பட்ட 'கற்றல் காடு' அதற்காகவே உருவானது. அங்கே உயர்த்தப்பட்ட நடைபாதையின் இருபுறமும் தென்கிழக்காசியாவின் மிக உயரமான மர இனங்களின் கன்றுகள் நடப்பட்டுள்ளன. அவற்றுள் மஞ்சள் மெராந்தியும் ஒன்று. சாபாவின் டானும் பள்ளத்தாக்கில் அவ்வினத்து மரம் ஒன்று 100 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பது அளந்து அறியப்பட்டுள்ளது. இங்கே இருப்பவை அவற்றின் முன்னே குழந்தைகள். அவை அரசமரியாதையோடு நிமிர்ந்து நிற்கும் நாளை நானும் பார்க்க மாட்டேன், என் பிள்ளைகளும் பார்ப்பது ஐயமே. ரப்பர் ஒரு தலைமுறைக்குள் மலாயாவை மூடியது. மெராந்தி அப்படி அவசரப்படாது.

குடுவையிலிருந்து சாலையோர மரத்துக்கு

எல்லாச் செய்தியும் சோர்வூட்டுவதன்று. ஆர்க்கிட்டின் கதையைக் கேளுங்கள். சிங்கப்பூருக்கே உரிய ஆர்க்கிட் இனங்கள் 220க்கும் மேல் பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை இங்குள்ள காடுகளில் அற்றுப்போய்விட்டன. ஆர்க்கிட் ஒரு காயில் இலட்சக்கணக்கான விதைகளைத் தரும். ஆனால் விதை தூசுபோல் இருக்கும். முளைக்கத் தேவையான உணவு அதனுள் இல்லை. காட்டில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை அதற்குச் சோறூட்டினால்தான் அது பிழைக்கும்.

1920களின் இறுதியில் பூமலையின் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம், கண்ணாடிக் குடுவையில் சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த கூழின்மேல் ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கும் முறையை இங்கே கையாண்டார். அன்று நோக்கம் கலப்பினப் பூக்கள். நம் ஆர்க்கிட் வணிகம் அங்கிருந்துதான் தொடங்கியது. 1995 முதல் அதே முறை வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. நம் நாட்டு ஆர்க்கிட்டுகளைக் குடுவையில் பெருக்கி, பூங்காக்களிலும் சாலையோர மரங்களிலும் கட்டி வளர்க்கிறார்கள். உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட்டான புலி ஆர்க்கிட் அவற்றுள் ஒன்று. பூமலையில் 1861இல் நட்ட ஒரு புலி ஆர்க்கிட் இன்றும் உயிரோடு இருக்கிறது. காட்டில் அற்றுப்போன இனம், ஒரு பூங்காவில் உயிரோடிருந்ததால் மீண்டும் மரமேறியது. தாவரவியல் பூங்கா எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

ஒரு மரம் காடாகுமா?

ஆயினும் பூங்காவால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஓர் இனத்தில் ஒரே ஒரு மரத்தைக் காத்தால் அந்த இனத்தைக் காத்ததாகாது. பல மரங்களுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். ஒரே தாயின் பிள்ளைகளாகப் பெருக்கினால் ஒரு நோய் வந்தாலே அத்தனையும் போய்விடும். மகரந்தம் சுமக்கும் பூச்சி, விதையைத் தூக்கிச் செல்லும் பறவை, மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை ஆகியவற்றைக் குடுவையில் அடைக்க இயலாது. அதனால்தான் விதை சேகரிப்போர் ஒரே இனத்தில் பல தாய்மரங்களைத் தேடி அலைகிறார்கள். காடு எங்கேனும் மிஞ்சியிருந்தால்தான் அந்தத் தேடலுக்கே பொருள் உண்டு.

இதே பணி நம் பூர்வீகத்துக்கு அருகிலும் நடக்கிறது. கேரளத்தின் வயநாட்டில் 1981இல் வுல்ஃப்காங் தியர்காஃப் என்ற ஜெர்மானியர் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயம், மேற்குத் தொடர்ச்சி மலையில் காடழிந்த இடங்களிலிருந்து செடிகளை மீட்டு வளர்த்து வருகிறது. அவர் 2014இல் மறைந்தபின்னும் பணி தொடர்கிறது. அங்கே சோலைக்காடு, இங்கே தாழ்நிலக்காடு, இடர் ஒன்றுதான். உலகில் உள்ள ஏறத்தாழ 60,000 மர இனங்களில் 17,500 அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாகத் தாவரவியல் பூங்காக்களின் பன்னாட்டு அமைப்பு 2021இல் அறிவித்தது.

மீண்டும் பொங்கோல்

மாலையில் வீடு திரும்பினோம். எதிர்ப்புறத்தில் மண் சமமாக்கப்பட்டுச் செம்மண் தரையாகக் கிடந்தது. என் மேசைமேல் இரண்டு மாதமாக அழகு காட்டிக்கொண்டிருந்த இரண்டு கொட்டைகளையும் எடுத்துத் தொட்டியில் ஊன்றினேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகியும் அவை முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது உள்ளே பருப்பு சுருங்கி எடையின்றிக் கிடந்தது. பாட்டி அன்றே ஊன்றிய கொட்டையோ இப்போது முழங்கால் உயரத்தில் மூன்று மூன்று இலைகளோடு நிற்கிறது.

ரப்பர் அழியும் நிலையில் உள்ள மரமன்று. அதை நாம் காக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் காத்திருக்கத் தெரியாத விதை என்றால் என்ன என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கவில்லை. நல்ல நாள் பார்த்து, பட்டம் பெற்று, வேலை கிடைத்து, ஓய்வு வந்தபிறகு இயற்கையைப் பற்றிச் சிந்திக்கலாம் என்று நாம் ஒத்திப்போடலாம். மெராந்தி விதை ஒத்திப்போடாது.

அன்பு நண்பர்களே, அடுத்த விடுமுறையில் பூமலைக்குச் செல்லுங்கள். ஆர்க்கிட் தோட்டத்தோடு திரும்பிவிடாமல் அந்த 6 ஹெக்டர் காட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பொங்கோல்வாசிகளுக்கு இன்னும் அருகிலேயே 2015இல் திறக்கப்பட்ட கோனித் தீவுப் பூங்கா இருக்கிறது; அங்கும் அரிய செடிகள் உண்டு. முடிந்தால் வீட்டில் உள்ள பாட்டியையோ தாத்தாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், எந்தப் பலகையும் சொல்லாத ஒரு செய்தியையாவது அவர் சொல்லுவார். அதை அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காயவைத்துச் சேமிக்க முடியாத விதைதான்.